கோழி இறகும் ஊதா மருந்தும்

யாலா
3 பிப்ரவரி 1988

அலுவோச்சுக்கு அகெல்லோ எழுதுவது.

உன் விலாசத்தைக் கிசுமு பஸ் கண்டக்டரிடம் வாங்கினேன். உன் அண்ணனிடம் கேட்டிருந்தால் தந்திருக்க மாட்டான். சமாதானம் பேச இந்தக் கடிதத்தை எழுதவில்லை. நீ பாதியில் கிழித்துப் போட்டுவிடக் கூடாது என்பதற்காக இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

குழந்தை நன்றாக இருக்கிறாள்.

விஷயம் குளத்தைப் பற்றியது. நம் புருஷன் வெட்டிய குளத்தை மூடியாக வேண்டும் என்று அவர் தம்பி ஒசேவே ஒற்றைக் காலில் நிற்கிறான். போன வாரம் குலத்துப் பெரியவர்களைக் கூட்டிவிட்டான். “இந்தத் தண்ணிதான் எங்கண்ணன் ஒதேராவக் கொண்டுபோச்சு. மூத்தவ கை படறதுக்கு முன்னாடி எளையவ மீன விட்டா. மூணே மாசத்துல ஒடம்பு உருகிச் செத்தான். இன்னும் என்ன அத்தாட்சி வேணும் ஒங்களுக்கு?” என்றான். ஈரல் கெட்டுப்போய்விட்டது என்று ஆஸ்பத்திரியில் சொன்னதை நான் சொன்னேன். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

வயலில் புதிதாக எது இறங்கினாலும் மூத்தவள் கையால்தான் முதலில் இறங்கவேண்டும். உனக்குத் தெரியாததில்லை. மீன் அதில் சேருமா சேராதா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. நம் முன்னோர் யாரும் வயலில் குழி வெட்டி மீன் வளர்த்தவர்கள் இல்லை. அன்றைக்கு நான் என் தாய்வீட்டில் ஒரு சாவுக்குப் போயிருந்தேன். நீ இரண்டு நாள் பொறுத்திருக்கலாம்.

பெரியவர்கள் ஒரு முடிவு சொல்லியிருக்கிறார்கள். பெரிய மழை முடிந்து சோளம் அறுத்தபிறகு எல்லோர் முன்னிலையிலும் குளத்தை வடிக்கவேண்டும். மீன் சாப்பாட்டுத் தட்டளவு இருந்தால் தண்ணீரில் குற்றமில்லை. குளமும் நிற்கும், உன் வீடும் நிற்கும். விரலளவே இருந்தால் ஒசேவே குளத்தை மூடிக் கரும்பு வைப்பான். உன் வீட்டைப் பிரித்துப் போடுவான். அதற்கப்புறம் நீ இந்த வாசலை மிதிக்க முடியாது.

இப்போது விரலளவுதான் இருக்கிறது. ஆனால் கணக்கில்லாமல் இருக்கிறது. கூடையை முக்கினால் கூடை நிறைய வருகிறது, ஒன்றும் வளர்ந்தபாடில்லை. மீன் இலாகா ஆள் கடைசியாக வந்தபோது, “ஆணும் பொண்ணும் சேந்து கெடந்தா இப்படித்தாம்மா, குட்டி போட்டுக்கிட்டே இருக்கும், ஒண்ணும் பெருக்காது. ஆண மட்டும் தனியா விடுங்க, பாருங்க” என்று சொல்லிவிட்டு மோட்டார் சைக்கிளை உதைத்துக்கொண்டு போய்விட்டான். எது ஆண் எது பெண் என்று யார் சொல்வது? எனக்கு எல்லாம் ஒரே மீனாகத்தான் தெரிகிறது. நீ ஏதோ மீன்பண்ணையில் வேலை செய்வதாகக் கண்டக்டர் சொன்னான். தெரிந்தால் எழுது.

எனக்கு வேறொன்றுமில்லை. களி கிண்டுகிறேன், சாப்பிடுகிறேன், ருசி தெரிவதில்லை. அவர் போன அன்று நான் அழுதேனா என்பதுகூட நினைவில்லை. ஊரே அழுதது, நான் நடுவில் நின்றிருந்தேன்.

அகெல்லோ


சகானா
17 பிப்ரவரி 1988

மூத்தவளுக்கு,

குளத்துக்கு இரண்டு பக்கம், என் பிள்ளைக்கு ஒரு வரி. ‘நன்றாக இருக்கிறாள்.’ மாட்டைப் பற்றிக் கேட்டால்கூட இதைவிட நாலு வார்த்தை சேர்த்துச் சொல்வார்கள்.

நன்றாக என்றால் என்ன? அந்த இருமல் நின்றதா? முடியை யார் பின்னுகிறார்கள்? ராத்திரி எழுந்து என்னைத் தேடுகிறாளா? தேடவில்லை என்றால் அதையும் எழுது. தாங்கிக்கொள்கிறேன்.

அந்த நாளை நான் மறக்கவில்லை. கள்ளிவேலி வாசலில் நின்று அவினோவை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாய். “புள்ள இந்த வீட்டுது. போறவ போ. இது எங்கயும் வராது” என்றாய். அவள் என்னைப் பார்த்துக் கையை நீட்டிக்கொண்டே இருந்தாள். நீ என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. ஊர் என்னைச் சூனியக்காரி என்று சொன்னபோது எனக்கு வலிக்கவில்லை. ஏழு வருஷம் ஒரே அடுப்பில் தீ வாங்கிய நீ ‘போறவ போ’ என்றாய் பார், அங்கேதான் எனக்கு ஏதோ நின்றுபோயிற்று. இன்னும் ஓடவில்லை.

பொறுத்திருக்கலாம் என்கிறாய். பிளாஸ்டிக் பையில் வந்த மீன்குஞ்சு. சாயங்காலத்துக்குள் தண்ணீரில் விடாவிட்டால் வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதக்கும் என்று இலாகா ஆள் சொன்னான். “விட்ரு, அவகிட்ட நான் சொல்லிக்கறேன்” என்றார் நம் புருஷன். விட்டேன். அவர் உன்னிடம் சொன்னாரா இல்லையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

இந்த ஊரில் குளிர் எலும்பைக் கடிக்கிறது. இந்தக் கிக்குயு ஜனங்கள் மீனை வளர்க்கிறார்கள், விற்கிறார்கள், வாயில் வைக்கமாட்டார்கள். என்னோடு வேலை செய்கிற வங்கேச்சி, “பாம்புக்கு ரெக்க மொளச்ச மாதிரி இருக்கு, அத எப்படித்தான் திங்கறீங்களோ” என்கிறாள். மூன்று வேளையும் சோளத்தையும் பீன்ஸையும் சேர்த்து வேகவைத்துக் கொட்டுகிறார்கள். தின்கிறேன்.

சரி, மீனுக்கு என்மேல் என்ன கோபம். எழுதுகிறேன்.

கையை நனைத்துக்கொள். காய்ந்த கையால் தொட்டால் அதன் வழவழப்பு போய்ச் சீக்குப் பிடிக்கும். மீனை மல்லாத்திப் பிடி, தலை உன் மணிக்கட்டுப் பக்கம் இருக்கட்டும். வயிற்றுக்குக் கீழே, வாலுக்குப் போகிற வழியில் ஒரு துளை தெரியும், அது கழிவு போகிற இடம். அதற்குப் பின்னால் சின்னதாக ஒரு காம்பு இருக்கும். ஆணாக இருந்தால் காம்பு கூராக, நுனியில் ஒரே ஒரு துளையோடு இருக்கும். பெண்ணாக இருந்தால் காம்பு மழுங்கலாக இருக்கும், நுனித் துளையைத் தவிர நடுவில் குறுக்கே ஒரு கீறலும் இருக்கும். முட்டை அந்த வழியாகத்தான் வரும். வெறும் கண்ணுக்குக் கீறல் தெரியாது. மிஷன் டிஸ்பென்சரியில் புண்ணுக்குப் போடுகிற ஊதா மருந்தை வாங்கிக் கோழி இறகில் தொட்டுத் தடவு. மருந்து கீறலில் இறங்கி நிற்கும். கோடு தெரிந்தால் பெண்.

நிறத்தைப் பார்த்துப் பிரிக்காதே. தாடை சிவந்தால் ஆண் என்பார்கள், நம்பாதே.

பிள்ளையைப் பற்றி எழுது.

அலுவோச்


யாலா
9 மார்ச் 1988

அலுவோச்சுக்கு,

இருமல் நின்றுவிட்டது. முடியை நான் பின்னுகிறேன், கோணலாகத்தான் வருகிறது. முதல் மாதம் தேடினாள். இப்போது தேடுவதில்லை. தினமும் ஒரு தடவை உன் வீட்டுக் கதவைத் தட்டிவிட்டு, கொஞ்சம் நின்று பார்த்துவிட்டு வருகிறாள். நீ கேட்டதால் எழுதினேன்.

ஊதா மருந்து கேட்டபோது டிஸ்பென்சரி நர்ஸ் “யாருக்குக் காயம்?” என்றாள். “காயமில்ல. ஆணா பொண்ணான்னு பாக்கணும்” என்றேன். “பொறந்த கொழந்தையப் பாத்தாத் தெரியாதா?” என்றாள். “மீனு” என்றேன். அவள் சிரித்து முடிக்கும்வரை நின்றிருந்தேன். பாட்டில் நிறையக் கொடுத்தாள்.

முதல் நாள் ஒன்றும் பிடிபடவில்லை. இரண்டாம் நாள் கோடு தெரிந்தது. அதற்கப்புறம் கை தானாகச் செய்கிறது. நனைப்பது, மல்லாத்துவது, தடவுவது, பார்ப்பது. ஆண் குளத்தில் கட்டிய வலைக்குள், பெண் அடுப்படிக்கு வெளியே இருக்கிற மாட்டுத் தொட்டிக்குள். தொட்டி கொள்ளாத மிச்சமெல்லாம் கருவாடு. என் விரல், பாவாடை, அவினோவின் மூக்கு, எல்லாம் ஊதா. இந்த வேலை எனக்குப் பிடித்திருக்கிறது என்று சொல்லமாட்டேன். செய்யும்போது வேறெதுவும் நினைவில் வருவதில்லை, அவ்வளவுதான்.

ஆனால் ஒசேவே சொன்னதில் உண்மை இருக்குமோ என்று தோன்றுகிறது. இந்தக் குளத்து மீன் பிள்ளையைத் தின்கிறது. என் கண்ணால் பார்த்தேன். ஒன்றைத் தூக்கினேன், தாடை உப்பி இருந்தது. வாயைப் பிரித்தால் உள்ளே முழுக்கக் குஞ்சு. கண் முளைத்த குஞ்சு, வாலாட்டிக்கொண்டு. அடுத்ததிலும் அப்படியே. ஒசேவே பெண்டாட்டி பக்கத்தில் நின்றிருந்தாள். “பாத்தியா, பெத்ததத் தானே திங்குது. இதுக்கு மேல என்ன கேடு வரணும்” என்று கத்திக்கொண்டு ஓடினாள். வாய் உப்பியிருந்த மீனையெல்லாம் பொறுக்கி எடுத்துக் கல்லில் அடித்துக் கொன்றேன். ஒரு கூடை இருக்கும். நாய்க்குப் போட்டேன். பிள்ளை தின்னிகள் குளத்தில் இருக்கவேண்டாம்.

இதற்கு ஏதாவது மருந்து உண்டா என்று உன் பண்ணையில் கேட்டு எழுது.

அகெல்லோ


சகானா
20 மார்ச் 1988

மூத்தவளுக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டுச் சிரித்தேன். அப்புறம் சிரிப்பு நின்றுபோயிற்று.

அவை தின்னவில்லை. நீ கொன்றதெல்லாம் தாய்.

திலாப்பியா மீன் அப்படித்தான். பெண் முட்டையிட்டதும் அதை வாயில் அள்ளிக்கொள்ளும். வாய்க்குள்ளேதான் பொரியும். கிட்டத்தட்ட இரண்டு வாரம் அந்தத் தாய் ஒரு வாய் இரை எடுக்காது. விழுங்கினால் பிள்ளையும் சேர்ந்து போய்விடும் அல்லவா? வாயை இறுக்கி மூடிக்கொண்டு மெலிந்துகொண்டே இருக்கும். குஞ்சு நீந்தப் பழகினதும் வெளியே விடும். மேலே நிழல் தெரிந்தால் வாயைத் திறக்கும், அத்தனையும் உள்ளே ஓடிவிடும். இங்கே நாங்கள் தாய் தாயாகப் பிடித்து வாயைக் கழுவிக் குஞ்சைச் சேர்ப்போம். நாங்கள் தொட்ட பிறகும் சில மீன் வாயைத் திறக்காது, பலவந்தமாகத் திறக்கவேண்டும்.

வாயில் வைத்திருப்பதைப் பார்த்ததும் தின்கிறது என்று முடிவு கட்டிவிட்டாய். உனக்கு எப்படித் தெரியும்? ஒரு தரம் பெற்றிருந்தால் தெரிந்திருக்கும். பெறாத மடிக்கு அடுத்தவள் பிள்ளையைப் பிடித்து வைத்துக்கொள்ளத்தான் தெரியும்.

மருந்து கேட்டிருந்தாய். இதற்கு மருந்தில்லை.

அலுவோச்


சகானா
25 ஏப்ரல் 1988

மூத்தவளுக்கு,

ஒரு மாதத்துக்கு மேலாகிறது, உன்னிடமிருந்து ஒன்றும் வரவில்லை. கண்டக்டரிடம் சொல்லியனுப்பப் பார்த்தேன், அவன் வேறு வழித்தடத்துக்குப் போய்விட்டானாம்.

போன கடிதத்தைக் கோபத்தில் எழுதினேன். தபால் பெட்டியில் போட்டபிறகு பெட்டிக்குள் கையை விட்டுப் பார்த்தேன், எட்டவில்லை. தபால்காரன் வந்து துரத்தினான். இதற்குமேல் எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை.

இங்கே மழை. தொட்டித் தண்ணீர் சில்லிட்டுப்போய் மீன் முட்டை போடுவதை நிறுத்திவிட்டது. நாள் முழுக்கத் தண்ணீரில் கை. சாயங்காலம் பார்த்தால் விரல் என்னுடையது மாதிரியே இல்லை. வங்கேச்சி தேநீர்க் கோப்பையைக் கையில் திணித்துவிட்டு, “சூடு தெரியுதா?” என்கிறாள். தெரியுது என்று சொல்கிறேன்.

பிள்ளை நன்றாக இருக்கிறாள் என்று ஒரே வரி எழுதினாலும் போதும். இந்தத் தடவை ஒன்றும் சொல்லமாட்டேன்.

அலுவோச்


யாலா
2 மே 1988

அலுவோச்சுக்கு,

குழந்தை நன்றாக இருக்கிறாள். அந்த வரியை முதலில் எழுதிவிட்டேன்.

நான் கோபித்துக்கொள்ளவில்லை. நீ என் மடியைப் பற்றி எழுதியதை மறுபடி மறுபடி படித்தேன், வலிக்கும் என்று காத்திருந்தேன். வலிக்கவில்லை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்த வார்த்தையை யாராவது சொன்னால் ஒரு வாரம் படுத்துவிடுவேன், உனக்கே தெரியும். இப்போது யாரோ யாருக்கோ எழுதியது மாதிரி இருந்தது. அதுதான் எனக்குப் பயமாகப் போயிற்று. எனக்கு என்ன ஆகிவிட்டது என்று யாரிடம் கேட்பது? பதில் எழுதாததற்குக் காரணம் அதுதான்.

மாட்டுத் தொட்டியில் புதிதாகப் பிரித்துப் போட்டிருந்த பெண்களில் ஒன்று வாய் உப்பி இருந்தது. கொல்லாமல் விட்டேன். இரை போட்டால் மற்றதெல்லாம் பாயும், அது மூலையில் நிற்கும். நாள் போகப் போகத் தலைதான் பெரிதாக இருந்தது, உடம்பு வற்றிவிட்டது. ஒரு நாள் காலையில் அதைச் சுற்றிக் கொசுக்கூட்டம் மாதிரிக் குஞ்சுகள். அவினோ ஓடிவந்து தொட்டிமேல் குனிந்தாள். அவள் தலை நிழல் தண்ணீரில் விழுந்தது. அந்த மீன் வாயைத் திறந்தது, அவ்வளவும் உள்ளே போயிற்று. “பெரிம்மா, முழுங்கிருச்சு!” என்று அழுதாள். “முழுங்கல. ஒளிச்சு வச்சிருக்கு. நீ தள்ளி நில்லு, விட்ரும்” என்றேன். சொல்லிவிட்டுத் தொட்டிக் கரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

உன்னிடம் ஒன்று சொல்லவேண்டும். கள்ளிவேலி வாசலில் நான் நின்றபோது என் பின்னால் வேலிக்கு உள்பக்கம் ஒசேவே நின்றிருந்தான், நீ பார்க்கவில்லை. அவன் மச்சினன் சைக்கிளோடு பஸ் நிற்கிற ஸ்டேஜில் காத்திருந்தான். நீ பிள்ளையோடு போனால் ஸ்டேஜில் வைத்துப் பிடுங்கி, முஹொரோனியில் ஒசேவே தங்கை வீட்டுக்கு வேலைக்காரியாக வளர்க்கக் கொண்டுபோய்விடுவது என்று முந்தின நாளே பேசி வைத்திருந்தார்கள். எனக்குத் தண்ணீர் கொண்டுவருகிற பெண் கேட்டுவிட்டு வந்து சொன்னாள். மூத்தவள் வீட்டுக்குள் இருப்பதை அவள் வாயால் சொல்லாமல் யாரும் வெளியே எடுக்கக்கூடாது. அந்த ஒரு வழக்கத்துக்கு மட்டும் ஒசேவே பயப்படுவான். அதனால் பிள்ளை இந்த வீட்டுது என்று அவன் காதில் விழுகிற மாதிரிச் சொன்னேன். உன் முகத்தைப் பார்த்திருந்தால் என்னால் சொல்லியிருக்க முடியாது.

அவளை நான் வாசலுக்கு வெளியே விடுவதில்லை. சந்தைக்குப் போனாலும் முதுகில் கட்டிக்கொண்டுதான் போகிறேன், ‘இத்தனை பெரிய பிள்ளையையா?’ என்று சிரிக்கிறார்கள்.

உன் கடிதம் வந்தபோது இதை எழுதியிருக்கலாம். சொல்லிப் பழக்கம் விட்டுப்போய்விட்டது. அன்றைக்குத் தொட்டிக் கரையிலிருந்து எழுந்தபோது எனக்குப் பசித்தது. எத்தனையோ நாளைக்கப்புறம் பசித்தது. கருவாட்டை வதக்கி, களி கிண்டி, சட்டியை வழித்துச் சாப்பிட்டேன். அவினோ என்னை ஆச்சரியமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அகெல்லோ


சகானா
14 மே 1988

அக்கா,

கடிதத்தைத் தொட்டி ஓரத்தில் நின்றபடியே படித்தேன். “யாராவது செத்துட்டாங்களா?” என்றாள் வங்கேச்சி. “இல்ல” என்றேன். “பின்ன ஏன் இப்படி நிக்கிற?” என்றாள்.

ஏழு மாதமாக உன்னைத் திட்டுவதை ஒரு வேலையாக வைத்திருந்தேன். காலையில் எழுந்ததும் உன்னைத் திட்டிவிட்டுத்தான் முகம் கழுவுவேன். இப்போது திட்ட ஆளில்லை. உன்னை நம்புகிறேனா என்று கேட்டால், ஸ்டேஜில் சைக்கிளோடு ஒருவன் நின்றது எனக்கு நினைவிருக்கிறது. என்னைப் பார்த்துவிட்டு, என் கையைப் பார்த்துவிட்டு, எச்சில் துப்பிவிட்டுப் போனான். அன்று அது ஏனென்று எனக்குப் புரியவில்லை. மடியைப் பற்றி நான் எழுதியதை அடித்துவிடு அக்கா. அடிக்க முடியாவிட்டால் கடிதத்தையே அடுப்பில் போடு.

என்னைக் கூப்பிடாதே, நானும் கிளம்பமாட்டேன். குளம் வடியாமல் நான் வந்தால் ஒசேவேக்கு இன்னொரு கதை கிடைக்கும். நீ மீனைப் பார்.

ஆண்களை இன்னொரு தரம் சோதித்துவிடு. ஒரே ஒரு பெண் தப்பி உள்ளே இருந்தாலும் போதும், மறுபடி குளம் முழுக்க விரல் மீனாகிவிடும். இன்னொன்று. பெரிய ஆணிடம் அடி வாங்கின சின்ன ஆண் வெளுத்துப்போய், மூலையில் ஒதுங்கி, பெண் மாதிரியே நிற்கும். நிறத்தைப் பார்த்துப் பிரிப்பவர்கள் எல்லாம் ஏமாறுவது அதில்தான். அதையும் மல்லாத்திப் பார். சாணியைக் குளத்தோரத்தில் ஊறவிடு, தண்ணீர் பச்சையாகட்டும். மழை விட்டதும் ஈசல் கிளம்பும், நீ தின்கிறது போக மீனுக்கும் போடு.

இங்கே பெண்களோடு விடுகிற ஆணுக்கு மேலுதட்டைக் கொஞ்சம் வெட்டிவிடுவார்கள். இல்லாவிட்டால் இஷ்டப்படாத பெண்ணைக் கடித்தே கொன்றுவிடும். வெட்டின பிறகு சாதுவாகிவிடுகிறது. நம் ஊரில் ஒருவனுக்கு இதைச் செய்துபார்க்கலாம் என்று தோன்றுகிறது. பேர் சொல்லவில்லை.

அவளை இறக்கி விடாதே. முதுகிலேயே வைத்துக்கொள்.

அலுவோச்


யாலா
10 செப்டம்பர் 1988

அலுவோச்,

நேற்றுக் குளத்தை வடித்தோம்.

குலத்துப் பெரியவர்கள் எல்லோரும் வந்து கரையில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். தட்டு கொண்டுவரும் பொறுப்பை ஒசேவே ஏற்றுக்கொண்டிருந்தான். கல்யாணத்துக்குக் களி கொட்டுகிற பெரிய எனாமல் தட்டை எங்கிருந்தோ தேடிப் பிடித்துக்கொண்டு வந்தான். கிழவர் ஓபுயா அதைப் பார்த்துவிட்டு, “ஏண்டா, மீன அளக்கறதுக்கா இல்ல மாட்ட வெட்டி வைக்கறதுக்கா?” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்காமல் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டேன்.

தண்ணீர் முழங்காலுக்கு வந்ததும் சேறு கொதிக்கிற மாதிரிப் புரண்டது. நான்தான் இறங்கிப் பிடித்தேன். முதல் மீனைத் தட்டில் வைத்தேன். தலை ஒரு விளிம்பில், வால் மறு விளிம்புக்கு வெளியே தொங்கிற்று. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவது கொஞ்சம் குட்டை. கிழவர் எழுந்து வந்து செதிளைச் சுரண்டிப் பார்த்தார், முகர்ந்து பார்த்தார். “தண்ணி மேல குத்தமில்ல” என்றார். ஓரிரண்டு பெண் தப்பி உள்ளே இருந்திருக்கிறது, மூலையில் கொஞ்சம் பொடிமீன் கிடந்தது. அதன்மேல் சேற்றை மிதித்துவிட்டேன். நீ யாரிடமும் சொல்லாதே.

அதோடு முடிந்தது என்று நினைத்தேன். ஒசேவே விடவில்லை. “தண்ணி சரி, ஒத்துக்கறேன். ஆனா மொற தப்புனது தப்புனதுதான? மூத்தவளுக்கு முன்னாடி எளையவ கை வச்சது இல்லன்னு ஆயிடுமா? அவ உள்ள வந்தா அடுத்த சாவு யாரு வீட்ல?” என்றான். பெரியவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்களில் சிலர் தலையசைத்தார்கள். அது எனக்கு நன்றாகத் தெரிந்தது.

நான் சேற்றிலிருந்து ஏறி வந்தேன். என்னால் அவ்வளவு பேர் முன்னால் பேச முடியும் என்று நான் நினைத்ததில்லை. “நீ சொல்றது ஞாயந்தான் ஒசேவே, மொறன்னா மொறதான்” என்றேன். அவனுக்கே திகைப்பு. “கொளம் வடிஞ்சுபோச்சு. இப்ப இது வெறும் குழி. நாளைக்கு வாய்க்காலத் தொறந்தா வர்றது புதுத் தண்ணி, புதுக் கொளம். அதுல மொத மீன நான் விடறேன், எல்லாரும் வந்து பாருங்க. எனக்கப்புறம் எளையவ விடட்டும். அப்பவும் மொற தப்புதுன்னா எந்த எடத்துல தப்புதுன்னு நீயே எனக்குக் காட்டு” என்றேன். கிழவர் ஓபுயா தடியைத் தரையில் தட்டி, “சரியாத்தான் சொல்றா” என்றார். மற்றவர்களும் ஆமாம் போட்டார்கள். போகும்போது ஒசேவே பெரிய மீனாகப் பார்த்து ஒன்றை வாலைப் பிடித்து எடுத்துக்கொண்டு போனான். தின்னட்டும்.

இன்று காலையில் வாய்க்காலைத் திறந்தோம். ஒரு ஆணையும் நாலு பெண்ணையும் என் கையால் விட்டேன். குஞ்சு வேண்டும் அல்லவா, பெருகினதும் ஆண்களை மட்டும் பிரித்துக்கொள்ளலாம். தண்ணீரில் கையை வைத்தபோது அது சில்லென்று இருந்தது. இதில் என்ன அதிசயம் என்பாய். எனக்கு அது தெரிந்தது, அதனால் எழுதுகிறேன்.

உன்னுடையது மாட்டுத் தொட்டியில் இருக்கிறது. நானே ஒவ்வொன்றாய் மல்லாத்திப் பார்த்து எடுத்து வைத்திருக்கிறேன், ஒரு ஆண், நாலு பெண். ஆணுக்கு உதட்டை வெட்டவில்லை, எனக்குக் கை வரவில்லை, நீ வந்து பார்த்துக்கொள். அன்றைக்குப் பை காத்திருக்காது என்று நீ விட்டுவிட்டாய். இந்தத் தொட்டி காத்திருக்கும். காலையும் மாலையும் தண்ணீர் மாற்றுகிறேன். யாரையும் அதில் கை வைக்க விடமாட்டேன்.

உன் வீட்டைப் பெருக்கி, சாணி மெழுகிவிட்டேன். கதவைத் தட்டிப் பழகின உன் மகள், அது திறந்ததும் உள்ளே போகப் பயந்து வாசலிலேயே நின்றாள். “அம்மா எங்க?” என்றாள். “பஸ்ல வருது” என்று சொல்லிவிட்டேன். என்னைப் பொய்க்காரி ஆக்கிவிடாதே.

என்றைக்கு வருகிறாய் என்று எழுத வேண்டாம், கடிதம் வருவதற்குள் நீயே வந்துவிடலாம். கிசுமு பஸ் வருகிற நேரத்துக்கு இனி தினமும் ஸ்டேஜுக்குப் போவேன். அவளை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டுதான் நிற்பேன், அன்று நின்ற மாதிரியே. நீ இறங்கி வந்து என் கையிலிருந்து அவளை வாங்கிக்கொள்.

அகெல்லோ